நெரிசலுக்கு விலை வைத்த ஸ்டாக்ஹோம்: ஏழு மாதச் சோதனையும் அதன் பிறகு நடந்ததும்

2002 செப்டம்பரில் ஸ்வீடனில் தேர்தல். ஸ்டாக்ஹோம் மாநகர நிர்வாகத்தைப் பிடிக்க நின்ற சமூக ஜனநாயகக் கட்சியின் ஆன்னிகா பில்ஸ்ட்ரோம், அடுத்த நான்கு ஆண்டுகளில் நகருக்குள் வரும் கார்களுக்கு நெரிசல் கட்டணம் போட மாட்டோம் என்று வாக்குறுதி கொடுத்திருந்தார். ஜெயித்து நகர நிர்வாகத் தலைவராகவும் ஆனார். ஆனால் தேசிய அளவில் ஆட்சி அமைக்க அவருடைய கட்சிக்குப் பசுமைக் கட்சியின் ஆதரவு வேண்டியிருந்தது. பசுமைக் கட்சியின் நிபந்தனைகளில் ஒன்று, ஸ்டாக்ஹோமில் முழு அளவில் நெரிசல் கட்டணச் சோதனை நடத்த வேண்டும் என்பது. வாக்குறுதி காற்றில் பறந்தது.

மக்களுக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியமே இல்லை. கட்டணம் பிடிக்கவில்லை என்பது ஒரு பக்கம், கேட்காமலே தலையில் கட்டிவிட்டார்கள் என்ற எரிச்சல் இன்னொரு பக்கம். சோதனைக்கு முந்தைய கருத்துக் கணிப்புகளில் எதிர்ப்புதான் மேலோங்கியிருந்தது. ஆனால் கட்டணம் நடைமுறைக்கு வந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, அதே நகரத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் அதை ஆதரித்தார்கள்.

சாலைக் கட்டணத்தை முயன்று பார்த்த நகரங்கள் பல இருந்தும் ஸ்டாக்ஹோமை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அங்கே கட்டணத்தைப் போட்டார்கள், நிறுத்தினார்கள், மறுபடியும் போட்டார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் வண்டிகளை எண்ணினார்கள். ஒரு கொள்கை வேலை செய்கிறதா இல்லையா என்பதற்கு இப்படியொரு சாட்சியம் எளிதில் கிடைக்காது.

கொஞ்சம் குறைந்தாலே போதும்

காலை அவசரத்தில் காரை எடுக்கும் ஒருவர் தன் எரிபொருளையும் தன் நேரத்தையும் கணக்குப் போடுகிறார். தன் கார் வந்து சேர்ந்ததால் பின்னால் வரும் ஒவ்வொருவருக்கும் சில விநாடிகள் கூடுதலாகத் தாமதமாகிறதே, அது அவர் கணக்கில் வராது. அந்தத் தாமதத்துக்கு ஒரு விலை வைத்து அவரிடமே வாங்கினால், போயே ஆக வேண்டியவர்கள் போவார்கள், தள்ளிப்போட முடிந்தவர்கள் தள்ளிப்போடுவார்கள். தத்துவம் இவ்வளவுதான். பொருளாதார அறிஞர் ஆர்தர் பிகூ 1920இலேயே இதற்கு அடித்தளம் போட்டார். நேரத்துக்கு நேரம் மாறும் கட்டணத்துக்காக வில்லியம் விக்ரி வாழ்நாள் முழுக்க வாதாடினார். 1996இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட மூன்றே நாளில் அவர் இறந்துபோனார். நடைமுறையில் முதலில் செய்து காட்டியது சிங்கப்பூர். 1975இல் அங்கே காரின் முன்கண்ணாடியில் காகித அனுமதிச் சீட்டு ஒட்டியிருக்க வேண்டும்; நுழைவிடங்களில் ஆட்கள் நின்று கண்ணால் பார்த்துச் சரிபார்த்தார்கள்.

இதில் பலருக்கும் பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. பாதிக் கார்களை ஒழித்தால்தான் நெரிசல் பாதியாகும் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. விரைவுச்சாலையின் ஒரு தடத்தில் மணிக்குச் சுமார் 2000 வண்டிகள் போகலாம். அந்த அளவை நெருங்கும்வரை பெரிய தொந்தரவு இருக்காது. அதைத் தாண்டினால் வேகம் சரிகிறது, பிரேக் மேல் பிரேக் விழுகிறது, கடைசியில் மணிக்குக் கடந்துபோகும் வண்டிகளின் எண்ணிக்கையே குறைந்துவிடுகிறது. சாலை மிகவும் தேவைப்படுகிற நேரத்தில்தான் அதன் திறன் சரிகிறது. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். விளிம்பில் நிற்கும் சாலையில் பத்தோ இருபதோ சதவீத வண்டிகள் விலகினாலே வரிசை வெகுவாகக் கரைந்துவிடும். கட்டணத்தை வடிவமைத்தவர்கள் நம்பியது இதைத்தான்.

18 வாயில்கள்

ஸ்டாக்ஹோம் தீவுகளின் மேல் அமைந்த நகரம். நடு நகருக்குள் போகப் பாலங்களையோ ஒரு சில சாலைகளையோதான் பிடித்தாக வேண்டும். அதனால் 18 இடங்களில் மட்டும் கேமரா வைத்து நடு நகர் முழுவதையும் வளைத்துவிட முடிந்தது. எல்லாத் திசையிலிருந்தும் தெருக்கள் நுழையும் ஒரு சமவெளி நகரத்துக்கு இந்த வசதி இருக்காது. ஸ்டாக்ஹோமைக் காட்டி வாதாடுகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

சுங்கச்சாவடி கிடையாது, தடுப்புக் கம்பம் கிடையாது, வேகத்தைக் குறைக்கக்கூட வேண்டாம். சாலைக்குக் குறுக்கே உயரத்தில் இரும்புச் சட்டம். வண்டி அடியில் புகும்போது கேமராக்கள் முன் நம்பர் பிளேட்டையும் பின் நம்பர் பிளேட்டையும் படம் எடுக்கும், கணினி எண்ணைப் படித்துக்கொள்ளும். அந்த நேரத்துக்கு என்ன கட்டணம் என்பது முன்பே பலகையில் தெரியும்.

சோதனையின்போது கட்டணம் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 6.30 முதல் மாலை 6.29 வரை. உள்ளே போனாலும் உண்டு, வெளியே வந்தாலும் உண்டு. காலை 7.30 முதல் 8.29 வரையும் மாலை 4 முதல் 5.29 வரையும் 20 குரோனா (ஸ்வீடன் நாணயம்). அதற்கு இருபுறமும் அரை மணி நேரம் 15. மற்ற நேரம் 10. ஒரு நாளைக்கு எத்தனை முறை கடந்தாலும் 60 குரோனாவுக்கு மேல் போகாது. இரவிலும் வார இறுதியிலும் விடுமுறை நாட்களிலும் எதுவும் இல்லை. காலை 7.45க்கு உள்ளே போய் மாலை 4.30க்குத் திரும்புகிறவர் 40 குரோனா கட்டுவார். அதே ஆள் 9.05க்குப் போய் 6.35க்குத் திரும்பினால் வெறும் 10. கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்பத் தோன்றும் அளவுக்கு இந்த வித்தியாசம் போதும். குடும்பச் செலவில் துண்டு விழும் அளவுக்கு அது பெரிதல்ல.

விதிவிலக்குகளும் இருந்தன. பேருந்துகள், டாக்ஸிகள், அவசர ஊர்திகள், மாற்று எரிபொருள் கார்கள் கட்ட வேண்டாம். நகரின் மேற்கே வடக்கையும் தெற்கையும் இணைக்கும் எஸ்ஸிங்கெலேடென் நெடுஞ்சாலைக்கும் விலக்கு, ஏனென்றால் நடு நகருக்குள் வராமல் ஊரைக் கடந்துபோக அதுதான் வழி. லிடிங்யோ தீவின் கதை இன்னும் சுவாரசியமானது. அந்தத் தீவை விட்டு எங்கே போனாலும் சாலை கட்டண வளையத்துக்குள்தான் வந்து விழும். எனவே தீவுக்காரர்கள் வளையத்துக்குள் புகுந்து 30 நிமிடத்துக்குள் மறுபக்கம் வெளியேறிவிட்டால் கட்டணம் இல்லை என்று விதி வைத்தார்கள். போக வேறு வழியே இல்லாதவரிடம் கட்டணம் வாங்கினால் அவர் எதையும் மாற்றிக்கொள்ளப்போவதில்லை, கோபம்தான் மிஞ்சும். இதை முன்கூட்டியே யோசித்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

சட்டத்தில் ஒரு முடிச்சும் இருந்தது. ஸ்வீடனில் ஓர் உள்ளாட்சி தன் எல்லைக்கு வெளியே வசிப்பவர்கள் மீது வரி போட முடியாது. ஆகவே இந்தக் கட்டணம் சட்டப்படி தேசிய அரசின் வரியாக அமைந்தது. நகரம் கேட்க, நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. பணம் யாருக்குப் போகும் என்ற கேள்வி இங்கேயே முளைத்துவிட்டது.

தாமதம் செய்த நன்மை

கட்டணத்துக்கு முன்னால் மாற்று ஏற்பாடு வேண்டும் என்று பொதுப் போக்குவரத்தைப் பெருக்கினார்கள். 2005 ஆகஸ்ட் 22 முதல் 197 புதுப் பேருந்துகள் ஓடின, 16 புதிய வழித்தடங்கள் வந்தன. கட்டணமும் ஏறத்தாழ அந்தச் சமயத்தில் தொடங்கியிருக்க வேண்டும். ஒப்பந்தப்புள்ளி தொடர்பான வழக்குகளால் அது தள்ளிப்போய் 2006 ஜனவரி 3இல்தான் தொடங்கியது.

இந்தத் தாமதம் ஆய்வாளர்களுக்குக் கிடைத்த வரம். பேருந்து மட்டும் இருந்து கட்டணம் இல்லாத நான்கு மாதங்கள் தனியாகக் கிடைத்தன. அந்த நான்கு மாதங்களில் கார் போக்குவரத்தில் அளந்து சொல்லக்கூடிய மாற்றம் எதுவும் இல்லை. நல்ல பேருந்து விட்டால் மக்கள் தாமாகவே காரை விட்டுவிடுவார்கள் என்பது எல்லா நகரங்களிலும் ஒலிக்கும் வாதம். சாலை இலவசமாக இருக்கும்வரை அது நடக்கவில்லை என்பதை ஸ்டாக்ஹோம் தற்செயலாகக் காட்டிவிட்டது. அதற்காகப் பேருந்து வீண் என்று சொல்ல வரவில்லை. கட்டணம் வந்த பிறகு காரை விட்டவர்கள் ஏறுவதற்கு ஒன்று வேண்டுமே.

எண்ணிக்கை

2006 ஜனவரி 3 முதல் ஜூலை 31 வரை சோதனை. வளையத்தைக் கடக்கும் வண்டிகள் முந்தைய ஆண்டின் அதே காலத்தோடு ஒப்பிடும்போது சுமார் 22 சதவீதம் குறைந்தன. நகருக்குள் நுழையும் முக்கியச் சாலைகளில் வரிசையில் காத்திருக்கும் நேரம் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்தது. நடு நகரில் வாகனப் புகை பத்து சதவீதத்துக்கும் மேல் இறங்கியது. கடைக்காரர்கள் பயந்த வியாபாரச் சரிவு, தேடிப் பார்த்தும் கண்ணில் படவில்லை. எஸ்ஸிங்கெலேடென் வண்டிகளால் திணறிவிடும் என்ற பயமும் பலிக்கவில்லை. அங்கே கூடியது கொஞ்சம்தான்.

ஆகஸ்ட் 1 அன்று கட்டணம் நின்றது. அன்றே கார்கள் திரும்பின. இந்த இடத்தில்தான் வழக்கமான சாக்குகள் எல்லாம் அடிபட்டுப்போகின்றன. எரிபொருள் விலை ஏறியது, பொருளாதாரம் மந்தம், குளிர் அதிகம், மக்கள் கொஞ்ச நாள் பயந்துவிட்டார்கள் என்று எதைச் சொன்னாலும், கட்டணம் போனதும் அதே நாளில் கார்கள் ஏன் திரும்பின என்பதற்குப் பதில் வேண்டும். ஆனாலும் பழைய நிலைக்கு முழுசாகத் திரும்பிவிடவில்லை. கட்டணம் இல்லாத அந்த ஓராண்டில் போக்குவரத்து சோதனைக்கு முந்தையதைவிட 5 முதல் 10 சதவீதம் குறைவாகவே இருந்தது. ஏழு மாதத்தில் சிலருக்குப் புதுப் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

2007 ஆகஸ்ட் 1இல் கட்டணம் நிரந்தரமாக வந்தபோது எண்ணிக்கை மறுபடி இறங்கியது. ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும், மக்கள்தொகையும் கார்களும் பெருகியிருந்தும், குறைவு 20 சதவீதத்தை ஒட்டியே நின்றது. மக்களுக்குக் கொஞ்ச நாளில் பழகிப்போய்ப் பழையபடி கார் எடுப்பார்கள் என்ற ஆரூடம் பொய்த்தது.

புகை குறைந்ததன் பலன் பிற்பாடு வேறொரு இடத்தில் தெரிந்தது. சிறு குழந்தைகளுக்கு வரும் கடுமையான ஆஸ்துமாத் தாக்குதல்கள் ஸ்டாக்ஹோமில் குறைந்ததாக ஜேனட் கரி உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் கண்டார்கள். காற்று சுத்தமானது உடனடியாக; குழந்தைகளின் உடல்நலம் தேறியதோ படிப்படியாக, ஆண்டுகள் செல்லச் செல்லக் கூடுதலாக. சோதனை ஏழு மாதத்தோடு முடிந்துபோயிருந்தால் இந்தப் பலனில் பெரும்பகுதி தெரியாமலே போயிருக்கும்.

அந்தக் கார்கள் எங்கே போயின?

இந்த ஆய்வு முழுவதிலும் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இந்தக் கேள்வி. காணாமல் போன பயணங்களில் ஏறக்குறைய பாதி, வேலைக்கும் பள்ளி கல்லூரிக்கும் போகிற பயணங்கள். அவை பெரும்பாலும் ரயிலுக்கும் பேருந்துக்கும் மாறின. மீதி, கடைக்குப் போவது, ஆளைப் பார்க்கப் போவது மாதிரியானவை. அவை சிதறிவிட்டன. ஒருவர் இரண்டு வேலைகளை ஒரே பயணத்தில் முடித்தார், இன்னொருவர் வளையத்துக்கு இந்தப் பக்கமே இருக்கும் கடைக்குப் போனார், வேறொருவர் போகவே இல்லை. ஒரே காரில் பலர் சேர்ந்து போவார்கள், வீட்டிலிருந்து வேலை செய்வார்கள் என்று எதிர்பார்த்தது மட்டும் நடந்ததாகத் தெரியவில்லை.

இன்னும் வியப்பு, மாறியவர்களில் பலருக்குத் தாங்கள் மாறியதே தெரியவில்லை. ஆய்வை மதிப்பிட்டவர்களில் முக்கியமானவரான ஜோனாஸ் எலியாசன் இதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். ஒரே ஆட்களிடம் முன்னும் பின்னும் கேட்டால், நான் எப்போதும் போலத்தான் போகிறேன் என்கிறார்கள். எண்ணிக்கையோ ஐந்தில் ஒரு கார் இல்லை என்கிறது. யோசித்தால் இதில் முரண்பாடு இல்லை. தினமும் காலையில் சாலையில் நிற்பது ஒரே கூட்டம் என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். உண்மையில் தினம் தவறாமல் காரில் வளையத்தைக் கடப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். வாரத்துக்கு இரண்டு முறை, மாதத்துக்கு மூன்று முறை கடப்பவர்கள்தான் அதிகம். அவர்களில் ஒருவர் மாதத்தில் ஒரு பயணத்தைத் தவிர்த்தால் அது அவருக்கு நினைவில்கூட நிற்காது. எல்லோரும் அப்படிச் செய்யும்போது வரிசை கரைகிறது. நெரிசலைக் குறைக்க மக்கள் பெரிய தியாகம் செய்தாக வேண்டும் என்ற எண்ணமே தவறு என்பது என் முடிவு.

வாக்கெடுப்பு

2006 செப்டம்பர் 17. பொதுத் தேர்தலோடு சேர்த்து ஸ்டாக்ஹோம் மாநகராட்சியில் பொதுவாக்கெடுப்பு. கட்டணம் நின்று ஆறு வாரம் ஆகியிருந்தது, நெரிசல் திரும்பியிருந்தது. கட்டணத்தோடும் கட்டணம் இல்லாமலும் வாழ்ந்து பார்த்துவிட்டு மக்கள் ஓட்டுப் போட்டார்கள். செல்லாத, வெற்று வாக்குகளைத் தள்ளிவிட்டால் சுமார் 53 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள்.

இதை முழு வெற்றியாக எழுதிவிட எனக்கு மனமில்லை. சுற்றியிருந்த பல உள்ளாட்சிகள் தாமாகவே வாக்கெடுப்பு நடத்தின. அவற்றில் மொத்தமாகப் பார்த்தால் வேண்டாம் என்பதே தெளிவாக வென்றது. நடு நகரத்துக்கு வேலைக்கு வரும் புறநகர்க்காரர்கள் அவர்கள். கட்டணம் கட்டினார்கள், ஆனால் அமைதியான தெருக்களும் நல்ல காற்றும் கிடைத்தது உள்ளே வசிப்பவர்களுக்கு. அந்த வாக்குகள் முடிவைக் கட்டுப்படுத்தவில்லை. எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோம், அதற்கு உள்ளே யார், வெளியே யார், யாருடைய வாக்கு எண்ணப்படும் என்பது தொழில்நுட்பக் கேள்வி அல்ல.

அனுபவித்த பிறகு வாக்களித்தால் மக்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்று ஸ்டாக்ஹோமை வைத்துச் சொல்வது வழக்கம். சோதித்துப் பார்க்காமலே வாக்குக் கேட்ட எடின்பரோவில் 2005இலும் மான்செஸ்டரில் 2008இலும் சுமார் நான்கில் மூன்று பங்கோ அதற்கும் அதிகமோ பேர் நிராகரித்தார்கள் என்பது இந்த வாதத்துக்கு வலு சேர்க்கும். ஆனால் ஸ்வீடனிலேயே இன்னொரு நகரம் குறுக்கே நிற்கிறது. கோத்தன்பர்க்கில் 2013 ஜனவரியில் கட்டணம் வந்தது. 2014 செப்டம்பரில், ஒன்றரை ஆண்டுக்கு மேல் அனுபவித்த பிறகு வாக்கெடுப்பு. சுமார் 57 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அந்த வாக்கெடுப்பு அரசைக் கட்டுப்படுத்தாது என்பதால் கட்டணம் தொடர்ந்தது. அங்கே முன்பும் நெரிசல் பெரிதாக இல்லை. கரைவதற்கு வரிசை இருந்தால்தானே கரைந்தது தெரியும். வெஸ்ட்லாங்கென் ரயில் சுரங்கம் உள்ளிட்ட திட்டங்களுக்குப் பணம் திரட்டத்தான் கட்டணம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆகவே அனுபவம் மட்டும் மனதை மாற்றிவிடாது. தினமும் நின்ற இடத்தில் இப்போது நிற்க வேண்டியதில்லை என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

யார் கட்டினார்கள்?

ஏழைகளைத்தானே இது அடிக்கும் என்பது நியாயமான கேள்வி. ஸ்டாக்ஹோமில் நெரிசல் நேரத்தில் வளையத்தைக் காரில் அதிகம் கடந்தவர்கள் வருமானம் கூடியவர்கள், அதிலும் ஆண்கள். குறைந்த வருமானக்காரர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ரயிலிலும் பேருந்திலும் போய்க்கொண்டிருந்தார்கள். எனவே சராசரியாகப் பார்த்தால் பணக்காரர்களே அதிகம் கட்டினார்கள். சராசரிக்குள் மறைந்துபோவோரும் இருப்பார்கள், அதை மறுக்க முடியாது. ரயில் நிலையம் பக்கத்தில் இல்லாத புறநகரிலிருந்து, நேரம் மாற்ற முடியாத ஷிஃப்ட் வேலைக்கு வருபவருக்கு 40 குரோனா வெறும் இழப்புதான். அவருக்கு ஈடு கட்டுவது வசூலித்த பணத்தைச் செலவிடும் முறையில்தான் இருக்கிறது.

அந்த இடத்தில்தான் கதை திசை மாறியது. பேருந்துச் செலவும் சேர்த்துச் சோதனைக்கு ஆன 380 கோடி குரோனாவை அரசு கொடுத்திருந்தது. 2006 தேர்தலில் மாநகரத்திலும் நாட்டிலும் ஆட்சி வலதுசாரிகளின் கைக்குப் போனது. கட்டணத்தை எதிர்த்தே பேசிவந்த மாடரேட் கட்சி தலைமையிலான புதிய அரசு, வாக்கெடுப்பு முடிவை ஏற்றுக் கட்டணத்தை வைத்துக்கொண்டது, பணத்தைச் சாலைகளுக்குத் திருப்பியது. நகரின் மேற்கே பெரும்பகுதி சுரங்கமாக அமையும் 21 கிலோமீட்டர் புறவழி நெடுஞ்சாலைக்கு இந்த வருவாயின் ஒரு பங்கு போகிறது. கார்ப் பயணத்தைக் குறைக்கப் பிறந்த கட்டணம் புதிய நெடுஞ்சாலைக்குக் கடன் அடைப்பது எனக்கு வருத்தம்தான். ஆனால் பணம் சாலைக்குப் போகும் என்றதும்தான் கட்டணத்தை எதிர்த்துவந்த கட்சிகள் எதிர்ப்பை விட்டன என்பதும் உண்மை. அதன் பிறகு எந்தப் பெரிய கட்சியும் கட்டணத்தை நீக்குவோம் என்று கிளம்பவில்லை.

2016 ஜனவரியில் முதல் முறையாகக் கட்டணம் உயர்ந்தது. நெரிசல் நேரத்தில் 20 குரோனா 35 ஆனது, ஒரு நாள் உச்சவரம்பு 105. அதுவரை விலக்குப் பெற்றிருந்த எஸ்ஸிங்கெலேடெனிலும் கட்டணம் வந்தது. உயர்வு பெரிது, போக்குவரத்து இறங்கியதோ முதல் முறையோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு. எளிதாக விட முடிந்தவர்கள் 2006இலேயே விட்டுவிட்டார்கள். மிச்சமிருப்பவர்கள் விலையைப் பார்த்து மாறக்கூடியவர்கள் அல்லர். கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போனால் நெரிசலும் அதே விகிதத்தில் இறங்கிக்கொண்டே போகும் என்று கணக்குப் போடும் நகரங்கள் இந்த இரண்டாவது சுற்றைக் கவனிக்க வேண்டும்.

இந்த உயர்வில் வரும் பணம் மெட்ரோ ரயில் விரிவாக்கத்துக்கு ஒதுக்கப்பட்டது. திட்டமிட்ட புதிய வழித்தடங்களில் ஒன்று நாக்காவுக்கானது. 2006இல் தானே வாக்கெடுப்பு நடத்தி, வேண்டாம் என்று சொல்லி, அந்த வாக்கு கணக்கில் கொள்ளப்படாமல் போன புறநகர்களில் நாக்காவும் ஒன்று.